தண்ணீர் கொடுக்கச் சொன்ன நர்ஸ்

மூத்தவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருந்தார். நான்கு வருடம் கழித்து இளையவளுக்கும் அதேதான். இம்முறை அவரே, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை நிறையக் கொடுக்கச் சொன்னார். வேளைக்கொரு பேச்சா என்று எரிச்சல்பட்டு, நான் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த கணவர் நர்ஸைக் கூட்டிவந்தார்.

"முன்ன தண்ணியே கூடாதுன்னீங்களே, நர்சம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். அப்ப எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. அது தப்புங்க."

சொல்லிக்கொண்டே அவரே உப்பு, சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டினார். மதியம் குழந்தை சிறுநீர் கழித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போதெல்லாம் ஆலோசனை மாறினால், ஏன் மாறியது என்று அங்கேயே கேட்டுவிடுகிறேன்.