ஏழாவது வளைவில் பிடித்த இடம்

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஊட்டி கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறேன். சுத்தமான கம்பளி என்று சீட்டு ஒட்டி வந்தாலும், ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டி மோந்து பார்த்துவிட்டுத்தான் சரக்கு எடுப்பேன். "நிழல் கூட வந்தாலும் எதுக்கு வர்றேன்னு கேக்கற மனுசன்" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அந்த ஜாகீர்தான் சொல்கிறேன்... இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை. சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. நன்றாக விடிந்த பிறகு, தார் ரோட்டில் நடந்தது.

போன டிசம்பரில் குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ரோட்டில் பைக் ரேஸ் வைத்தார்கள். கீழே ஃபேக்டரியில் ஆரம்பித்து மேலே பங்களா வரைக்கும் பத்து கொண்டை ஊசி வளைவு. வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. நடுவில் சில வருஷம் நிறுத்தி வைத்திருந்த ரேஸ் அது. ஏன் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்குக்கூடப் பூர்வீகம் விசாரிக்கிறவன், அதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டேன்.

என் தங்கை நசீராவின் கணவன் நௌமான் அதில் ஓட்டினான். கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகிறது. முந்தின நாள் சாயங்காலம் நசீரா கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீ போய் நில்லு. எங்க விழுவாங்களோ அங்க நில்லு. விழுந்தா மொத ஆளா நீதான் போய்த் தூக்கோணும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ரேஸ் பார்க்க இடம் பிடிப்பதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். புதுசாக வருகிறவர்கள் வளைவின் வெளிப்பக்கம் போய் நிற்பார்கள். அங்கேதான் வண்டி முகத்துக்கு நேராக வருவது தெரியும். ஆனால் டயர் வழுக்கினால் வண்டி வந்து சேர்கிற இடமும் அதுதான். விவரம் தெரிந்தவன் உள்பக்கம் மேடாகப் பார்த்து நிற்பான். பின்னால் ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பான். பிரேக் பிடிக்கிற இடம் கண்ணில் படவேண்டும். கீழ் வளைவில் வருகிற சத்தம் காதில் விழவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் போதும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரிதான். போட்ட துண்டை இன்னொருத்தன் எடுத்தால் அடிதடி.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே ரோட்டை அடைத்துவிட்டார்கள். நான் ஃபேக்டரியில் இருந்து நடந்தே ஏறினேன். நல்ல மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. குல்லாய், மீசை, தேயிலைச் செடி எல்லாவற்றிலும் தண்ணீர் கோத்து நின்றது. ஆறு வளைவையும் பார்த்தேன். ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஏழாவது வளைவுக்கு வந்தபோது மணி ஆறு நாற்பது.

பார்த்ததுமே தெரிந்தது. விழுந்தால் இங்கேதான் விழுவார்கள். நேர் ரோடு சட்டென்று இடது பக்கம் ஒடிகிறது. வலது பக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர்.

சுவரின் மேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிறதிலேயே மோசமான இடம் அது. அதில் போய் வரிசையாக, ரோட்டைப் பார்த்தபடி, பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மா புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தது, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மாதிரி. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தது. பச்சைக் கரை.

இந்த ரேஸ்களில் பந்தயம் கட்டுகிற கும்பல் உண்டு. யாரையாவது விழவைக்க ரோட்டில் எண்ணெய் ஊற்றிவிட்டு, விழுவதைப் பார்க்கத் தோதாக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்களோ? சட்டென்று குனிந்து தாரைத் தொட்டு மோந்து பார்த்தேன். எண்ணெய் இல்லை. ஈரம்தான். சந்தேகம் போகவில்லை.

"ஏனுங்க, அங்க உக்காராதீங்க. வண்டி சறுக்குனா நேரா உங்க மேலதான் வரும்."

"தெரியுமுங்க" என்றது அந்த அம்மா.

தெரியுமாம். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்களாம்.

கிட்டே போனேன். நாலு பேரில் ஒருத்தர் கையிலும் செல்போன் இல்லை. ரேஸ் பார்க்க வந்தவர்கள், ஒரு செல்ஃபி கிடையாது, ஒரு வீடியோ கிடையாது. இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றும் பார்த்தேன். என் கையில் இருந்த ரோமத்தில்கூடப் பனி கோத்திருந்தது. அவர்கள் தலைமுடி... காய்ந்து கிடந்தது.

"இந்த எடம் யாருக்குங்க?"

"வர்றாருங்க."

"எப்படி வருவாரு? ரோட்டை அடைச்சாச்சே."

"வண்டியில வருவாருங்க."

எனக்குத் திக்கென்றது. அடைத்த ரோட்டில் இனிமேல் வரப்போவது ரேஸ் வண்டிகள் மட்டும்தான். அதில் ஒருத்தன் இந்தச் சுவருக்கு வந்து சேருவான் என்று இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்!

"யாருடா நீங்கெல்லாம்? எவன் அனுப்புனான் உங்கள?"

நாலு முகமும் என்னையே பார்த்தன. கோபம் இல்லை. பஸ் கிளம்பக் காத்திருக்கிறவர்கள் முகம் மாதிரி இருந்தது.

எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது. எட்டி அந்தத் துண்டை உருவித் தேயிலைக்குள் வீசினேன். கழுத்தில் கிடந்த என் சிவப்பு மப்ளரை எடுத்து அதே இடத்தில் போட்டேன்.

"இனி இது என் எடம். இங்கியே உக்காந்து நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா மப்ளரைச் சுருக்கம் போகத் தடவி, ஒழுங்காக மடித்து வைத்தது.

"சரிங்க. உங்களுக்குங்க."

அந்தக் குரலில் இருந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் மேலே, வளைவு முடிகிற இடத்தில், கொடி பிடிக்கிற மார்ஷல் விஜயன் நின்றிருந்தான். எனக்குத் தெரிந்த பையன். ஓடிப்போய் அவனைக் கூட்டி வந்தேன். அதற்குள் ஒரு காற்று அடித்துப் பனி விலகியது.

யாரும் இல்லை.

மப்ளர் இல்லை.

சுவரும் இல்லை.

இரண்டு கம்பம் நட்டு ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம்... பள்ளம். நான் எட்டித் துண்டை எடுத்தது கயிற்றுக்கு அந்தப் பக்கம். வெறும் காற்றில்.

"இங்க இருந்த சுவரு எங்கடா?"

விஜயன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அது போயி ஆறு வருசமாச்சுங்கண்ணா. உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

நௌமானுக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. விஜயனின் வாக்கி டாக்கியில் கீழே சொல்லச் சொன்னேன். ஏழாவது வளைவில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்று. அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. ரேஸில் மெதுவாகப் போ என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

ஒன்பது மணிக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒன்று போனது. இரண்டு போனது. பதினைந்து, இருபது... எல்லாம் பத்திரமாக வளைவைத் திரும்பி மேலே போயின. நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்குப் பின்னால் மூன்று மாசம் தினமும் உறுமிய நௌமானின் வண்டி. தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

ஆறாவது வளைவு... கியர் குறைகிறது...

மறுபடி பனி இறங்கியது.

கீ...ர்ர்ர்ச்.

வண்டி மட்டும் என் கண் முன்னால் கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் போனது. கீழே விழுகிற சத்தம் வர நேரமானது.

யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நௌமான் விளிம்பில் கிடந்தான். இரண்டு காலும் பள்ளத்தில் தொங்கின. நெஞ்சு வரைக்கும் ரோட்டில். நான்தான் மொத ஆளாகப் போய்த் தூக்கினேன். தோள் எலும்பு உடைந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"அந்த வேகத்துக்கு எப்படிங்க நின்னாரு?" என்று விஜயன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஜீப்பில் போகும்போது நௌமான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அந்தம்மா யாரு?"

"எந்தம்மா, மாப்ளே?"

"நெஞ்சுல கை வெச்சு நிறுத்துச்சு. 'இங்க எடமில்லீங்க, ஆள் வருது'ன்னுச்சு."

கழுத்தில் மப்ளர் இல்லாத குளிர் அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் விஜயன் வந்து பார்த்தபோதுதான் பழைய கதையைச் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன்பே, ஊறிப்போன மண்ணோடு அந்தச் சுவர் சரிந்தது. இடம் பிடித்து உட்கார்ந்திருந்த நாலு பேரும் கீழே போய்விட்டார்கள். அதனால்தான் ரேஸை நிறுத்தினார்கள்.

கட்டிலில் கிடந்த நௌமான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"அஞ்சு பேருங்க."

நானும் விஜயனும் திரும்பினோம்.

"அஞ்சாவது ஆள் நான்தான், மச்சான். அன்னிக்கு ரேஸ் பாக்க வந்திருந்தேன். அவங்க யாருன்னே தெரியாது. பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, 'எடத்தப் பாத்துக்குங்க, டீ குடிச்சுட்டு வண்டியில வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனேன். சரிங்கன்னுச்சு. வர்றதுக்குள்ள..."

"துண்டு போட்டியா?"

"போட்டேன். வெள்ளைத் துண்டு."

கரை என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம் முடிந்து மழைக்காலமும் போய்விட்டது. போன மாசம் விஜயன் கடைக்கு வந்தான். அந்தப் பள்ளத்தில் மண் சரிந்ததைப் பார்க்க இறங்கினானாம். ரொம்பக் கீழே, பழைய சுவர்க் கல்லெல்லாம் குவிந்து கிடக்கிற இடத்தில், ஒரு கல்லின் மேல் என் சிவப்பு மப்ளர் மடித்து வைத்திருந்ததாம். மூன்று மாசம் விடாமல் பெய்த மழை. மப்ளர் நனையவில்லை என்றான்.

"எடுத்துட்டு வந்தியா?"

"கையை வெச்சேனுங்கண்ணா. ஆள் வருதுங்கன்னு காதுகிட்ட கேட்டுச்சு. அப்படியே உட்டுட்டு ஏறி வந்துட்டேன். நாளைக்கு நாலு பேரோட போயி எடுத்துட்டு வரட்டுங்களா?"

எனக்கு வாய்வரைக்கும் வந்தது, எடுத்துக்கொண்டு வா என்று. யாருக்குத்தான் உயிர் மேல் ஆசை இருக்காது? பயமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் நௌமானுக்குத் தோள் சேர்ந்துவிட்டது. புது வண்டியும் வாங்கிவிட்டான். டிசம்பர் ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். நசீரா அழுது பார்த்துவிட்டாள். கேட்கவில்லை. என் மப்ளரை எடுத்துவிட்டால், அந்தக் கல்லில் அவனுக்கு இடம் காலியாகிவிடும்.

"வேண்டாம்டா. அங்கியே இருக்கட்டும்" என்று விஜயனிடம் சொல்லிவிட்டேன்.