கண் எழுதாத லட்சுமி

சொந்தமாகத் தொழில் செய்கிற பலரையும் போல நானும் பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவள்தான். போன வாரம் ஒரு கம்பெனிக்கு மறுபடியும் நினைவூட்டி எழுதினேன். ‘உங்கள் வசதிப்படி’ என்று சேர்த்தேன், எடுத்தேன், திரும்பவும் சேர்த்தேன். அப்போதுதான் ஹைதராபாத் அல்வாலில் ஒரு பாத்திரக்கடை வாசலில் அப்பாவோடு நின்ற அந்தக் காலை ஞாபகத்துக்கு வந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

அப்பா கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். அப்பா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவர் கடைக்குப் பெரிய போர்டும் ஷட்டர்களும் எழுதிக் கொடுத்து ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்துவிட்டது. பில் அவர் மேஜைக் கம்பியில் குத்தியே இருந்தது. அப்பா போகும்போதெல்லாம் அதன்மேல் புதிதாகச் சில தாள்கள் ஏறியிருக்கும். “நமக்குள்ள பில்லு இன்னாத்துக்கு தம்பி? பர்சோ வா, வாங்கிக்க” என்பார் முதலாளி. பர்சோ என்றால் நாளை மறுநாள். எந்த நாளுக்கு மறுநாள் என்று ஹைதராபாத்தில் யாரும் கேட்பதில்லை.

அவரே அல்வாலில் இன்னொரு கடை திறக்கப்போனார். அந்த போர்டையும் அப்பாதான் எழுத வேண்டும் என்றார். அம்மா போக வேண்டாம் என்று சொல்லியும் அப்பா போனார். நடுவில் தாமரைமேல் லட்சுமி, இரண்டு பக்கமும் கடையின் பெயர். சாமி படம் எழுதினால் கண்ணை மட்டும் விட்டுவைப்பது அப்பாவின் வழக்கம். திறப்பு நாளன்று குளித்துவிட்டு வந்து, பூஜைக்கு முன்னால்தான் கண் எழுதுவார். அதுவரை அந்த முகம் மொழுக்கென்று இருக்கும்.

திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குப் பள்ளி இருந்தது. அப்பாதான் போக வேண்டாம், கூட வா என்றார். வாடகை பாக்கி அன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைக் குடிவைப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அம்மா சமையல் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். சைக்கிளை எடுக்கும் முன், அப்பா கண் எழுதும் சன்ன பிரஷை என் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினார்.

“நான் கேட்டா மட்டும் குடு. வேற யார் கேட்டாலும் நக்கோ, முடியாதுன்னு சொல்லிடு.”

கடை வாசலில் வாழைமரம், ஷாமியானா, உள்ளே அடுக்கடுக்காகப் பித்தளைக் குடங்கள். ஏணி போர்டின்மேல் சாத்தியிருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். அப்பா ஏணிப் பக்கத்தில் நின்றார். ஏறவில்லை.

“இன்னும் இன்னா தம்பி பாக்கற? ஏறு.”

“பழைய பில்லு அண்ணே.”

முதலாளி சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல நாள் அதுவுமா கடன் கேக்கறான் பாரு. வெள்ளிக்கிழமை எவனாவது கையிலேர்ந்து பணத்த எடுத்துக் குடுப்பானா?”

“நேத்து வியாழக்கிழமை. நேத்தும் வந்தேன் அண்ணே.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ரெண்டு புள்ளி. அதுக்கு இம்மாம் கிராக்கியா? பிரஷ் குடு, நானே வெச்சிக்கறேன்.”

“எங்கிட்ட இல்ல.”

அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் நான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. முதலாளி என் முன்னால் வந்து குனிந்தார். கையில் ஒரு பேடா வைத்தார்.

“கண்ணு, அப்பா பிரஷ் உங்கிட்டதான இருக்குது? மாமாவுக்குக் குடு.”

பேடாவை வாயில் போட்டுக்கொண்டு “நக்கோ” என்றேன்.

அவர் நிமிர்ந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்பாவை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அப்பா ஏணியைப் பிடித்தபடியே நின்றார். அந்த நேரத்தில் முதலாளியின் மனைவி விளக்குத் திரியோடு வாசலுக்கு வந்து மேலே பார்த்தார்.

“கண்ணில்லாத லட்சுமிக்குக் கீழ நான் வெளக்கேத்த மாட்டேன். குடுத்துத் தொலைங்க.”

பூஜைத் தட்டில் வைத்திருந்த நோட்டுக்கட்டிலிருந்துதான் பணம் வந்தது. அப்பா அப்படியே சட்டைப் பையில் வைக்கப் போனார்.

“எண்ணு” என்றார் முதலாளி. “எல்லாரும் பாக்கட்டும்.”

அப்பா எண்ணினார். அவ்வளவு மெதுவாக அவர் பணம் எண்ணி நான் பார்த்ததில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, என்னிடம் பிரஷை வாங்கிக்கொண்டு ஏறினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இரண்டு கருமணிகளையும் வைத்தார். கோணவில்லை. கீழே எல்லோரும் கை கூப்பினார்கள்.

போர்டு எழுதியவருக்கு வெற்றிலை பாக்கோடு வேட்டி கொடுப்பார்கள். அன்று யாரும் கொடுக்கவில்லை. டிபன் சாப்பிடச் சொல்லவும் இல்லை. அப்பா ஏணியைச் சைக்கிளில் கட்டினார்.

வாடகை கொடுத்தாயிற்று. அம்மா சாமான்களைத் திரும்ப அலமாரியில் வைக்க, நான் முதலாளி குனிந்ததையும் நான் நக்கோ சொன்னதையும் நடித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது அப்பா, “போதும்மா” என்றார். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அப்பா விடிவதற்குள் கிளம்பி, ஷேர் ஆட்டோ மாறி மாறி பட்டான்செருவுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் டிரம்களுக்கு நம்பர் போட வேண்டும், சுவர்களில் ‘அபாயம்’ என்று எழுத வேண்டும். மல்காஜ்கிரிக் கடைத்தெருவிலிருந்து அதற்குப் பின் யாரும் அவரைத் தேடி வீட்டுக்கு வரவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் அப்பா இப்போது கம்பெனிக்குப் போகிறார், அன்றன்றைக்கு உண்டான கூலியை அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறார்கள், இனிமேல் யாரிடமும் பில் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.