மெதுவாகப் படிக்கச் சொன்ன அத்தை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மலேசியாவில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. முன்னுக்குப் பின் வந்தாலும், மறந்து எதையாவது விட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மகள் என்னைக் குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனாள். புது மின்சார ரயில். உட்கார்ந்ததும் என் பையிலிருந்த கதைப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"படிங்கம்மா. வீட்டுல எந்நேரமும் பூதம், பிசாசுதானே உங்களுக்கு."

உண்மைதான். இந்த வயதிலும் எனக்குப் பறக்கும் குதிரையும் மந்திரக் குகையும் வேண்டும். ஆனால் ரயிலில் மட்டும் படிக்க மாட்டேன். கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். காரணம் வேறு.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு எழுத்து தெரியாது. ரப்பர்ப் பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் பேன் பார்க்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு மாதப் பத்திரிகையைப் படிக்கச் சொல்வார்கள். அதில் ஒரு தொடர்கதை. பூதம் தூக்கிப்போன தன் பிள்ளையைத் தேடி, ஒரு ராணி கண்ணாடிக் குதிரையில் மேகத்துக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போவாள். வேகமாகப் படிப்பதுதான் நன்றாகப் படிப்பது என்று நான் நினைத்திருந்தேன். "இவ படிக்கிற வேகத்துல குதிரைக்கே மூச்சு வாங்கும்" என்று சிரிப்பார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுடைய ஒரே பிள்ளை நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. மாமாவும் வேறு தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அத்தை வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பேச்சையும் நிறுத்தினாள். கதை படிக்கும்போது மட்டும் வந்து என் முழங்கால் அருகே உட்காருவாள்.

ஒரு நாள் காலையில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகையிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள். கண்டுபிடித்தபோது குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அப்பாவைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிய ஜோகூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இல்ல, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணு" என்றார். புத்தி கலங்கியவர்களை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி. எனக்கு அதைச் சொல்லவில்லை.

தோட்டத்து லாரியில் ஏற்றப் பார்த்தார்கள். அத்தை வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த வாரம் புதுப் பத்திரிகை வந்தது. அப்பா அதை வாங்கித் துண்டுக்குள் மறைத்துவைத்தார்.

"இதை ரயில்லதான் பிரிக்கணும். ஜோகூர் வர்ற வரைக்கும் நிறுத்தாம படி. உனக்குக் கடல் காட்டுறேன்."

மிச்சக் கதை ரயிலில்தான் என்று அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். எழுந்து முகம் கழுவி, தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை.

ரயிலில் எதிரே ஒரு அம்மா பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். "டீச்சரம்மா மாதிரி படிக்குதே. உங்க மகளா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"எங்க அண்ணன் மக. என்னை இவதான் கூட்டிக்கிட்டுப் போறா" என்றாள் அத்தை. பல மாதம் கழித்து அன்றுதான் அவள் குரலைக் கேட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குளுவாங் தாண்டியதும், "மெதுவா படிடி" என்றாள். அவளுக்கு விளங்கவில்லை போலும் என்று நினைத்தேன். ராணி பிள்ளையைக் காணும் இடத்துக்குச் சீக்கிரம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று இன்னும் வேகமாகப் படித்தேன். ரெங்கம் வரும்போது மறுபடியும், "மெதுவாடி, என் தங்கம்." நான் கேட்கவில்லை. கூலாய்க்கு முன்பே 'தொடரும்' வந்துவிட்டது.

அப்பா முறைத்தார். பயத்தில் நானே மிச்சத்தைக் கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். குதிரை ஏழாவது மேகத்தில் இறங்கியது, பூதம் தூங்கியது, கதவு திறந்தது.

"பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"பசிக்குதுன்னு சொல்லிச்சு" என்றேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வண்டி ஜோகூரை நெருங்கும்போது கொண்டையிலிருந்த சீப்பை உருவி என் கையில் வைத்தாள். "நீ வச்சுக்க. அங்க முடியை வெட்டிடுவாங்களாம்."

"எங்க அத்தை?"

"கதையிலதான்."

"கதையில அப்படி இல்லையே."

"உன் பத்திரிகையில அதை விட்டுட்டாங்க போல" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்ணோடு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா சொன்னபடி கடலைக் காட்டினார். சிங்கப்பூர்க் கரை தெரிந்த தண்ணீர்தான் அது. கதையில் வரும் கடலுக்கு அக்கரையே கிடையாது என்று எனக்கு ஏமாற்றம்.

"நல்ல வேளை" என்றார் அப்பா. "கதையில மயங்கி, ஒண்ணும் தெரியாம போயிட்டா."

எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், முடி வெட்டும் இடம் எங்கே என்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே வந்தேன். அத்தை எல்லாம் தெரிந்துதான் ரயிலேறினாள் என்பதோ, எங்களுக்கு வீடு போய்விடக் கூடாதென்று ஏறினாள் என்பதோ, மெதுவாகப் படி என்றது கதைக்காக இல்லை என்பதோ நாலாம் வகுப்புப் படித்த அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அடுத்த இதழ் வந்ததும் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். யாரும் என்னைக் கூட்டிப் போகவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பா மட்டும் போய் அத்தையின் காரியத்தை முடித்துவிட்டு வந்தார்.

ரெங்கத்துக்குப் பிறகுதான் கூலாயா, நடுவில் லாயாங் லாயாங் ஸ்டேஷன் வருமா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு முடி வெட்டினார்களா என்றும் விசாரியுங்கள். வெட்டவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வெட்டினார்கள் என்றால், எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.