பத்து விநாடிக்கு ஒரு குறி

அலுவலகத்தில் அவளுக்குக் கண்கொத்தி என்று பெயர். திரையில் வைத்த கண்ணை வாங்கமாட்டாள். சூதாட்டம் புகுந்த வீடுகளில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்கிற இடம் அது. அந்த வீடுகளில் எடுத்த வீடியோவைப் பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தை யாரைக் கூப்பிட்டது, அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தாளில் குறிப்பதுதான் அவள் வேலை. ஆறு வருடமாக ஊரார் பிள்ளைகளைக் குறித்தவள், அதே சனியன் தன் வீட்டிலும் கால் நீட்டிப் படுத்திருப்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கணவன் கைபேசியில் சூதாடினான். நாலு வயது மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பள்ளி ஆசிரியை அழைத்து அதைச் சொன்ன நாளிலிருந்து கண்கொத்திக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் வீட்டு நினைப்பு. வீட்டில் அவன் கையிலேயே கண். குளிக்கும்போதுகூடக் குழாயை மூடி மூடிக் காதுகொடுத்தாள்.

"சும்மா கற்பனை பண்ணாத. நான் பாப்பாகூடத்தானே இருக்கேன்" என்பான் அவன்.

வாயால் சொன்னால் ஏறாது, தாளோடு காட்டுவோம் என்று ஒரு விடுமுறைக் காலையில் அலமாரி மேல் தன் கைபேசியைச் சாய்த்து வைத்து அரைமணி நேரம் ஓடவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவுக்கான பத்தியை நிரப்பினாள். மகள் கூப்பிட்டது ஒன்பது. அவன் திரும்பியது இரண்டு. மாட்டினான் மகராசன் என்று ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது.

அங்கே ஒருவர் குறித்ததை இன்னொருவரும் தனியாகக் குறித்தால்தான் செல்லும். அதனால் பக்கத்து மேசைக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வீடியோவைக் கொடுத்தாள். லொடலொடவென்று பேசுகிற அவள் சாயங்காலம் தன் தாளோடு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்கு நானும் ரெண்டுதான் போட்டேன். ஆனா நீ ஒரு ஆளை விட்டுட்டியே."

"யாரை? நாங்க மூணு பேருதானே."

அவள் தாளின் அடுத்த பத்தியில் விரலை வைத்தாள். அம்மா. கூப்பிட்டது பதினான்கு. திரும்பியது ஒன்று.

கண்கொத்தி வீடியோவை மறுபடி ஓட்டினாள். கதவோரம் துணி மடித்தபடி அவளே நிற்கிறாள். மகள் அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "அம்மா, இங்க பாரும்மா" என்கிறாள். இவள் கண் கணவனின் கட்டைவிரலை விட்டு அசையவில்லை. திரும்பிய அந்த ஒரு தடவையும் அதட்டத்தான்.

வீட்டுக்குப் போன வேகத்தில் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கணவனின் கைபேசி டிங் என்றது. கழுத்து தன்னால் திரும்பப் பார்த்தது; பல்லைக் கடித்து நிறுத்தினாள். அவனோடு போடவேண்டிய சண்டை எங்கேயும் ஓடிப்போய்விடாது. மகள் கட்டைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அரைமணி ஆயிற்று. ஒரு தடவைகூட அம்மாவைக் கூப்பிடவில்லை.

கடைசியில் இவள்தான் கூப்பிட்டாள். "பாப்பா, இங்க பாரேன்."

மகள் திரும்பவில்லை. கண்கொத்தி மறுபடியும் கூப்பிட்டாள்.