குச்சிப்பூச்சியின் ஜாடை

திருப்பூர் மங்கலம் சாலையில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் ஒரு மரம் அடிக்க வேண்டும். நிஜ மரம் இல்லை. ஒரு கோடு இரண்டாகி, இரண்டும் மறுபடி பிரிந்து மேலே போகும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு பூச்சி. பெரும்பாலானவை காய்ந்த குச்சி போலவே இருந்தன. சில பச்சை இலை போல, நரம்பும் ஓரக் கருகலும்கூட அப்படியே. அந்தப் பூச்சிகளின் வம்சாவளி என்றார்கள்.

என் எதிர் டேபிளில் பனியன் அடித்தவர் திருநெல்வேலிப் பக்கம். பிரசவத்துக்கு ஊருக்குப் போன அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் போய்ப் பார்க்கவில்லை. அவருடைய அக்கா டீக்கடைப் போனுக்குக் கூப்பிட்டு, குழந்தைக்குப் பூனைக்கண், நம் வீட்டு ஜாடை துளிகூட இல்லை என்று சொல்லியிருந்தார். டீக்கடைப் போனில் பேசினால் பட்டறைக்கே கேட்ட மாதிரிதான். அதன் பிறகு எல்லோரும் அவர் காதுபட ஜாடைமாடையாகப் பேசினார்கள். மாமனார் வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் எழுந்து போகமாட்டார். மனைவியை அழைத்து வருவாரா, அப்படியே விட்டுவிடுவாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் நாங்கள் அந்தப் படத்தில் கை வைத்தோம். இலைப்பூச்சிகள் குச்சிகளுக்கு நடுவே ஒரு கிளையில் செருகப்பட்டிருந்தன. வரைந்தவர் குழப்பிவிட்டார் என்று நினைத்து, அவற்றைப் பிரித்துத் தனியாக ஓரத்தில் வைத்தோம். அடிவேரில் நீளமான இறக்கையோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. குச்சி ஜாடையும் இல்லை, இலை ஜாடையும் இல்லை. வேறெதுவோ தவறி வந்துவிட்டது என்று அதை எடுத்தேவிட்டோம். சாம்பிள் பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கம்பெனியிலிருந்து, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் படத்தோடு வந்து, டீ நேரத்தில் விளக்கினார். அந்த இறக்கைக்காரர்தான் மூதாதையாம். அப்படிப்பட்டவை கல்லில் பதிந்து கிடைத்திருக்கின்றனவாம். குச்சி உருவம் பறவையின் கண்ணுக்குத் தப்பிப் பிழைக்கப் பிற்பாடு வந்தது. இலைப்பூச்சி தனிக் குடும்பம் இல்லை, குச்சிக் கூட்டத்துக்குள்ளேயே பிறந்த கிளை. இந்த மரத்துக்கு வெளியே நெருங்கிய சொந்தம் யாரென்றால், முன்னங்காலால் நூல் நூற்று அதற்குள்ளேயே குடியிருக்கும் ஒரு சின்னப் பூச்சி. அப்படியானால் அது நம்ம திருப்பூர்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

சில வகைகளில் ஆணே இல்லாமல் பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்றும் அவர் சொன்னார். அச்சடிக்கும் ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "ஏனுங் அம்மணி, அந்தப் பூச்சிக்கு ஊரு திருநெல்வேலிப் பக்கமுங்களா?" என்றார்.

மறுபடி சிரிப்பு. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என் எதிர் டேபிள்காரர் கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அப்போ ஜாடைய வச்சி சொந்தம் சொல்ல முடியாதோ?"

"ஜாடைய வச்சு அடுக்குனதாலதானுங்ணா இந்த சாம்பிளே திரும்பி வந்துருக்குது."

பிறகு எப்படித்தான் சொல்கிறார்கள் என்று கேட்டார். உடம்புக்குள் இருக்கும் மரபணுவைச் சோதித்துப் பார்ப்பார்கள், இப்போது மனிதர்களுக்கும் அந்த டெஸ்ட் உண்டு என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பினார்.

சாயங்காலம் எதிர் டேபிள்காரர் மெதுவாக, "அண்ணாச்சி, அந்த டெஸ்டு கோயமுத்தூர்ல எடுப்பாவளா?" என்றார்.

அந்தக் கேள்வி அவர் மனைவியின் காதுக்குப் போய்விட்டால், முடிவு எப்படி வந்தாலும் அந்தக் குடும்பம் பழையபடி நிற்காது. நான் யாருக்கும் யோசனை சொல்கிற ஆள் இல்லை. நாலு பேர் இருந்தால் பேச்சே வராது. அன்று டேபிளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் மட்டும்தான்.

"கொழந்தைய நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அக்கா சொன்னா."

"பறவையாச்சும் நேர்ல வந்து பாத்து ஏமாறுதுங்க. நீங்க பாக்காமயே ஏமாந்துட்டு இருக்கறீங்க."

அவர் கையிலிருந்த ஸ்கிரீனில் சாயம் காயத் தொடங்கியிருந்தது. துணியை நனைத்துத் துடைத்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் வரும்வரை அவர் டேபிளையும் நானே பார்த்துக்கொண்டேன். இறக்கைக்காரரை வேரில் உட்காரவைத்து, இலையைக் குச்சிகளுக்கு நடுவே சேர்த்து அடித்த சாம்பிள் பாஸானது.

மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று தெரிந்து, நானும் என் வீட்டுக்காரியும் அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனோம். குழந்தைக்கு நிஜமாகவே பூனைக்கண்தான். பட்டறைப் பேச்சு எதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. என் வீட்டுக்காரி குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"கண்ணு பளிச்சுன்னு இருக்குதே. யாரு ஜாடைங்க?"

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது. நான் தரையைப் பார்த்தேன். அவர் குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"எம் மவ ஜாடைதான்" என்றார்.

என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். கொஞ்சம் கழித்து அடுப்படியில் காப்பி ஆற்றும் சத்தம் மறுபடி கேட்டது.