கைக்காசோ, செக்கோ

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வாயால் சொல்லவும் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம், விடியமுன் ஆட்களை ஏற்ற ஒரு வான் வரும். வேலை ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவரே அதை ஓட்டுவார். விட்பிப் பக்கம் பாண், பணிஸ் சுடும் பக்ரறியில் எங்களை இறக்கிவிடுவார். நான் சேர்ந்த அன்றே கேட்டார்: "கைக்காசோ, செக்கோ?" செக் என்றால் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள், ஏஜென்சி ஒபிசில் போய்ப் பதிய வேண்டும். கைக்காசு வெள்ளிக்கிழமை வானுக்குள்ளேயே கைக்கு வந்துவிடும். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. அதற்காகவே கைக்காசு என்றேன்.

போன மாதம், பாண் நகர்ந்துவரும் பெல்ற்றில் எனக்குப் பக்கத்தில் நின்ற மட்டக்களப்பு அக்காவின் கையுறை உருளைக்குள் இழுபட்டது. மெஷினை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் நசிந்துவிட்டன. அம்புலன்ஸைக் கூப்பிடாமல் வான்காரரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு என்னையும் ஏற்றினார்கள். துணி சுற்றிய அந்தக் கையை நான் தாங்கிப் பிடித்திருந்தேன். 

"அக்கா, ஆஸ்பத்திரியில கேட்டால் கார்க் கதவுக்குள்ள நசிஞ்சது எண்டு சொல்லுங்கோ," என்றார் வான்காரர். "கைக்காசுக்கு வாற உங்கட பேரே பக்ரறியில இல்லை. இல்லாத ஆளுக்கு அங்க என்ன நடக்கும்?"

அக்கா ஓம் என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை அவர் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள். உருளை சுற்றும்போதெல்லாம் என் விரல்கள் தாமாகவே மடங்கின. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினேன். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். படுத்தாலும் பெல்ற்றின் இரைச்சல் காதுக்குள் கேட்டது.

மனைவி வெறும் விரலைப் பார்த்துவிட்டாள்.

"மோதிரம் எங்க? ஆரைப் பாக்கப் போறியள்?"

நடந்ததைச் சொன்னேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "செக் எண்டு சொல்லுங்கோ. விரல் இல்லாமல் வந்தால் நான் வாயில சோறு தீத்த மாட்டன்," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வானில், இனிச் செக் வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். வான்காரர் ரேடியோவை நிறுத்தித் திரும்பக் கேட்டார். இன்னொருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் ஒருவன், "அண்ணை அரசாங்கத்துக்குப் படியளக்கப் போறார்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"செக் வாங்கிறவைக்கு என்ர வானில இடமில்லை, அண்ணை," என்றார் வான்காரர். "ஒபிசில போய்க் கேளுங்கோ. வேலை தந்தால் செய்யுங்கோ."

அஜின்கோர்ட்டில் இருந்த ஏஜென்சி ஒபிசின் வாசலில் நின்று இரண்டுமுறை திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், இங்கே பிறந்தவள். "கம் இன், அங்கிள்," என்று கதிரையைக் காட்டினாள். விவரங்களைக் கேட்டுக் கேட்டுக் கொம்பியூட்டரில் அடித்தாள். கடைசியில், "வேலையில ஏதும் ஹப்பின் பண்ணினால் நாங்கள் ஆரைக் கோல் பண்ண, அங்கிள்?" என்றாள்.

வானில் ஒருநாளும் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.  ஏதும் நடக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மனைவியின் பெயரையும் நம்பரையும் சொன்னேன். குரல் எழும்பாததால் மீண்டும் சொன்னேன். வேலை வந்தால் கூப்பிடுவோம் என்றாள்.

ஒரு கிழமை போய்விட்டது, கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது என்று பயம். கூப்பிட்டால் எந்த மெஷினுக்கு முன்னால் நிறுத்துவார்களோ என்று பயம். போனை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஸ்காபரோ, 2024 கார்த்திகை (நவம்பர்) 17, ஞாயிறு.