ரூபிகாவின் இடது கை

தான் தோற்ற சண்டையின் வீடியோவை ரூபிகா பலமுறை பார்த்திருந்தாள். ஆனால் அதன் கடைசிப் பதினைந்து விநாடிகளை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. அந்த இடம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொள்வாள். மே மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைவீதியில் விஜேந்திரனின் உரக்கடை மாடியில் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வரப்போகும்போது அவளுடைய தம்பி தனுஷன் வீடியோவை நிறுத்தினான்.

"இத நீ பாக்காம நாம எத பேசினாலும் வேலைக்கு ஆகாதுக்கா."

"பாத்து என்னா ஆகப்போவுது? தோத்தது எனக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தோத்தேன்னு தெரியாது."

அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது.

ரூபிகாவுக்கு இருபத்தாறு வயது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா பேச்சியம்மா இன்னமும் அங்கேதான் கொழுந்தெடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஜூடோ சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வந்தபோது, விளையாட்டுக்குச் சேர்ந்த பதினாறு பெண்களில் கடைசிவரை நின்றவள் ரூபிகா ஒருத்திதான். மாகாணப் போட்டியில் இரண்டாம் இடம் வந்தாள். படிப்பு முடிந்ததும் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்டோ ஓட்டும் தனுஷனும் அவளும் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள்.

விஜேந்திரன், தன் தாத்தா காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் குடும்பத்து ஆள். நாற்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை போட்டவர். மாடியிலிருந்த உர மூட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளி, மெத்தை விரித்து, எம்.எம்.ஏ. பழக இடம் கொடுத்தார். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், தரையில் புரண்டு கையையோ கழுத்தையோ பூட்டலாம். எல்லாம் சேர்ந்த சண்டை அது. முதல் மாதம் பழக வந்தது அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

போன நவம்பரில் கொழும்பில் ஓர் உள்ளரங்கில் அவள் கம்பிவலைச் சண்டைக்கூண்டுக்குள் இறங்கினாள். எதிரே நின்றவள் குருநாகலைச் சேர்ந்த ஷஷினி. இரண்டாம் சுற்றில் ஷஷினி அவளை மல்லாக்கத் தள்ளி, இடது கையைத் தன் இரண்டு தொடைகளுக்கிடையே இழுத்து, முழங்கையை மறுபக்கம் வளைத்தாள். ஆர்ம்பார் என்பார்கள் அந்தப் பிடியை. மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் தட்டினால் சண்டை அதோடு முடியும். ரூபிகா தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெளியே நின்ற தனுஷன் முகம் துடைக்கும் துவாயைக் கூண்டுக்குள் வீசி, அக்கா தோற்றுவிட்டாள் என்று தானே ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் அவனோடு பேசவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, சோறு போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். வீங்கிய கண்ணோடு துணிக்கடையில் நின்றபோது சேலை வாங்க வந்த ஒரு பெண், "புருசன் அடிச்சானா புள்ள?" என்று கேட்டாள். "இல்லக்கா, ஒரு பொம்பள அடிச்சா," என்றாள் ரூபிகா.

இப்போது மறுபடியும் அழைப்பு வந்திருந்தது. அதே ஷஷினி. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. பதினொரு வாரம் இருந்தது. எப்படிச் சண்டை போடுவது என்பதில்தான் மூன்று பேரும் மூன்று திசையில் நின்றார்கள்.

விஜேந்திரன் சொன்னது ஒன்றுதான். "தூரத்துல நில்லு. ஒங்கையி அவ கைய விட நீளம். இடது கைய நீட்டி நீட்டிக் குத்து. அவ கிட்ட வந்தா விலகு. தரைக்குப் போகாத. தரை அவளோட வீடு."

"மூணு சுத்தும் ஓடிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களாண்ணே? நான் தரைக்குப் பயந்துட்டேன்னு அவ நெனப்பா. நானே தரைக்குக் கொண்டு போறேன். எனக்கு ஜூடோ இருக்கு."

"ஜூடோ அன்னிக்கும் இருந்துச்சே?"

தனுஷன் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தான். ஷஷினியின் மற்றச் சண்டைகளையும் தேடிப் பார்த்திருந்தான் அவன். "அவ நாலு பேர ஜெயிச்சிருக்கா. நாலுமே எதிராளியோட இடது கையப் பூட்டித்தான். அவளுக்கு வேற பூட்டு வராது. இடது கையக் கண்டா வுட மாட்டா. அத வச்சே அவளப் புடிக்கலாம்."

"தூண்டில்ல புழுவக் கோக்குற மாதிரி ஒங்க அக்கா கையக் கோக்கப் போறியா?" என்றார் விஜேந்திரன்.

பேச்சு அங்கேயே சுற்றியது. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். ரூபிகாவின் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது. தூரத்தில் நிற்பது என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தாள்.

மூன்றாவது ஞாயிறு விஜேந்திரன் பேச்சை விட்டுவிட்டுக் கையில் குத்து வாங்கும் பேடை மாட்டிக்கொண்டார். "சரி. இருபது இடது கைக் குத்து. குத்திட்டுப் பேசு."

ஏழாவது குத்திலேயே சத்தம் மாறிவிட்டது. கை பேடைத் தொட்டதே தவிர, அதற்குள் இறங்கவில்லை. பத்தாவது குத்து ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றது. அவள் உடம்பை முன்னுக்குத் தள்ளி அந்தக் குறையை மறைத்தாள். விஜேந்திரன் களைப்பு என்று நினைத்து, "இன்னும் பத்து," என்றார்.

"இருங்கண்ணே," என்றான் தனுஷன். "அக்கா, ரெண்டு கையையும் நேரா நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டேன்."

அவள் நீட்டினாள். வலது கை கோல்போல் நின்றது. இடது கை முழங்கையில் சற்று வளைந்தே நின்றது. அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் பார்த்தாள். அதற்கு மேல் அது போகவில்லை. மூன்று பேரும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளா?" விஜேந்திரனின் குரல் தாழ்ந்திருந்தது.

"நவம்பர்லருந்து."

"ஆறு மாசமா எங்கிட்ட மறச்சிருக்கே. நான் இடது கையால குத்துன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதான் தரைக்குப் போறேன் தரைக்குப் போறேன்னியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனுஷனுக்கோ வேறு ஒன்று உறைத்தது. காலையில் தண்ணீர் வாளியை அவள் வலது கையால் மட்டும் தூக்குவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான். பார்த்தும் யோசிக்கவில்லை.

"ஒரு விநாடி பிந்தித்தான் துவாயப் போட்டேன் போல," என்றான்.

"நீ பிந்தல. நான்தான் தட்டல," என்றாள் ரூபிகா. அந்தச் சண்டையைப் பற்றி அவனிடம் அவள் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

விஜேந்திரன் கையிலிருந்ததைக் கழற்றி வைத்தார். டாக்டர் சரி என்று சொல்லாமல் சண்டையன்று அவளுக்குப் பயிற்சியாளராகக் கூண்டோரம் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை நுவரெலியாவில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கிழிந்த தசைநார் ஒட்டிவிட்டது, மூட்டுத்தான் இறுகிக் கிடக்கிறது, ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு மாதமும் ரூபிகா துணிக்கடை இடைவேளையில் கூடச் சுவரில் கையை வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். மாத முடிவில் கை கிட்டத்தட்ட நேராகிவிட்டது. முழுசாக இல்லை. சண்டை போடலாம், ஆனால் திரும்பவும் முறுக்கினால் முன்னைவிட மோசமாகும் என்று டாக்டர் சொன்னார்.

அன்று மாலை உரக்கடை மாடியில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

"நிலையையே மாத்திருவோம்," என்றார் விஜேந்திரன். "வலது காலும் வலது கையும் முன்னுக்கு. இடது கை பின்னுக்குத் தாடையோட மடிஞ்சே இருக்கட்டும். நல்ல கையால தூரத்துலருந்து குத்து. ஷஷினி பாத்தது வேற ரூபி. இது வேற ரூபி."

ஐந்து வாரத்தில் நிற்கும் முறையையே மாற்றுவது சின்ன வேலையில்லை. ஆனாலும் ரூபிகா தலையாட்டினாள்.

தனுஷன் ஒரு நிபந்தனை வைத்தான். "கை மாட்டிச்சின்னா வலது உள்ளங்கைய எனக்குத் தெரியிற மாதிரி விரிச்சி வை. விரிச்சிருந்தா, நெதானத்துல இருக்கே, தட்ட வேண்டிய நேரத்துல தட்டுவேன்னு அர்த்தம். மூடிட்டேன்னா நீ வீம்புல இருக்கே. அப்ப நான் துவாயப் போட்டுருவேன். அப்புறம் மூணு மாசம் பேசாட்டியும் பரவால்ல."

அவள் வலது உள்ளங்கையை விரித்து மூடிப் பார்த்தாள். "சரி," என்றாள்.

ஆகஸ்ட் சனிக்கிழமை பிற்பகல் அதே கூண்டு. முதல் சுற்றில் விஜேந்திரன் சொன்னதுதான் நடந்தது. வலது கை முன்னுக்கு வந்ததும் ஷஷினி தடுமாறினாள். கிட்டே வர முயன்றபோதெல்லாம் மூக்கில் குத்து விழுந்தது. ஐந்து நிமிடமும் ரூபிகாவின் கையில்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில் ஷஷினி குனிந்து பாய்ந்து காலைப் பிடித்துக் கீழே தள்ளினாள். மூன்று நிமிடத்துக்கு மேல் ரூபிகா அடியில் கிடந்தாள். இடது கையை மார்போடு கட்டிக்கொண்டு, அடியை வாங்கினாளே தவிர கையைக் கொடுக்கவில்லை.

ஆளுக்கு ஒரு சுற்றாகச் சமனாகியிருந்தது. மூன்றாம் சுற்றுக்கு முன் ஒரு நிமிடம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"தூரத்துல நில்லு," விஜேந்திரன் முகத்தைத் துடைத்துவிட்டபடி சொன்னார். "மொத சுத்து மாதிரியே. வேற ஒண்ணும் வேணாம்."

"அவளுக்கு மூச்சு முட்டுது," என்றான் தனுஷன். "ஆனா திரும்பவும் காலுக்குத்தான் பாய்வா. இந்தத் தடவ நீ மேல விழு."

"தனுஷா, வாய மூடு. கை போயிரும்."

"ஓடினா புள்ளி போயிரும்ணே."

ரூபிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்தாள்.

மூன்று நிமிடம் அவள் தூரத்தில்தான் நின்றாள். பிறகு ஷஷினி பாய்ந்தாள். இம்முறை ரூபிகா அவள் தோளைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, ஜூடோவில் பழகிய வீச்சில் அவளோடு சேர்ந்து விழுந்தாள். ஷஷினி மல்லாந்து கீழே, அவள் கால்களுக்கு நடுவே ரூபிகா மேலே. அப்போதுதான் விஜேந்திரன் வேண்டாம் என்றதை ரூபிகா செய்தாள். இடது கையை ஷஷினியின் நெஞ்சில் ஊன்றி, ஒரு கணம் அதை அங்கேயே விட்டாள்.

ஷஷினி அதைப் பிடித்தாள். கால்கள் மேலே எழும்பின.

ரூபிகா அந்த அசைவை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். முகத்துக்கு மேலே கால் வருவதற்குள் முழங்கையை விலாவுக்கு இழுக்க வேண்டும். இழுத்தாள். அரை விநாடி பிந்திவிட்டது. கை நீண்டது. உள்ளே ஏதோ பிடுங்கியது.

"போடுறா," என்று விஜேந்திரன் அலறினார். "துவாயப் போடுறா."

துவாய் தனுஷனின் கையில் தலைக்கு மேலே இருந்தது. அவன் மாட்டிக்கொண்ட கையைப் பார்க்கவில்லை. அவள் வலது உள்ளங்கையைத் தேடினான். அது ஷஷினியின் தொடைக்குச் சற்று மேலே விரிந்து நின்றது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. துவாயைப் போடவில்லை.

ரூபிகா பிடிபட்ட கையின் கட்டைவிரல் பக்கமாக உடம்பைத் திருப்பி, ஷஷினியின் கால்களைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஏறினாள். முழங்கை நழுவி வெளியே வந்தது. ஷஷினியிடம் வேறு பிடி இல்லை. மீதி ஒன்றரை நிமிடமும் ரூபிகா அவள் மார்பின் மேல் கிடந்து வலது கையால் மட்டும் குத்தினாள். மணி அடித்தபோது இடது கையை அவளால் தூக்க முடியவில்லை. புள்ளி போடும் மூவரில் இரண்டு பேர் வெற்றியை ரூபிகாவுக்கும் ஒருவர் ஷஷினிக்கும் கொடுத்தார்கள். நடுவர் அவள் வலது கையை உயர்த்தினார். ஷஷினி வந்து அவள் இடது தோளைத் தொட்டு, கை எப்படி இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டாள். ரூபிகா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மறுநாள் ரயிலில் அவள் கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது. பழைய இடத்திலேயே கொஞ்சம் கிழிந்திருந்தது. எட்டு வாரம் அசைக்கக்கூடாது. நாவலப்பிட்டி தாண்டியதும் விஜேந்திரன் கேட்டார்.

"வேணும்னேதானே கையக் குடுத்தே?"

"வேணும்னேதாண்ணே குடுத்தேன்."

"நான் வேணாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அவன் துவாயப் போட்டிருந்தா?"

ரூபிகா எதிரே ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். "தோத்திருப்பேன். ஆனா இந்தத் தடவ அவன்கிட்ட கோவிச்சிருக்க மாட்டேன்."

"ஜெயிச்சிட்டதால அது சரியாயிராது ரூபி. நான் இன்னும் அத தப்புன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க," என்றாள். "நீங்களாச்சும் அப்பிடிச் சொல்லணும்."

ஹட்டன் ஸ்டேஷனில் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தாள். உடப்புசல்லாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மகள் ஜெயித்த சேதி அவளுக்கு முன்னமே தெரியும். தூளியை மேலும் கீழும் பார்த்தாள். தொடவில்லை.

"இன்னும் எத்தன தடவ புள்ள?"

ரூபிகா வழியெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்து வந்தாள்.

"தெரியலம்மா," என்றாள். பேச்சியம்மா அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.